பேக்கேஜ் மேனேஜர எங்க இன்ஸ்டால் பண்றது? என்டர் தட்டறதுக்கு முன்னாடி முடிவு பண்ணிக்க வேண்டியவை

பேக்கேஜ் மேனேஜர்னா, மத்த ப்ரோக்ராம்களயும் லைப்ரரிகளயும் டவுன்லோட் பண்ணி, இன்ஸ்டால் பண்ணி, அப்டேட் பண்ற டூல். அத போடும்போது பெரும்பாலும் என்ன நடக்குதுன்னா, ஒரு கமாண்ட காப்பி பண்ணி டெர்மினல்ல ஒட்டி என்டர் தட்டிட்டு, அது எந்த ஃபோல்டர்ல போய் உக்காருதுன்னு பாக்காமலே அடுத்த வேலைக்கு போயிடறோம். அப்புறம் பெர்மிஷன் டினைட்னு எரர் வரும்போதோ, டிஸ்க் ஃபுல் ஆகும்போதோ, புது மெஷினுக்கு மாறும்போதோதான் அந்த இடத்தோட ஞாபகமே வருது, அந்த நேரத்துல அத மாத்தறது லேசுப்பட்ட வேலை இல்ல. அதனால முதல் தடவ போடறதுக்கு முன்னாடியே கொஞ்சம் நிதானமா உக்காந்து இத முடிவு பண்ணிடுங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருக்கேன்.

மாத்தறது ஏன் கஷ்டம்னு முதல்ல புரிஞ்சுக்கணும், மத்ததெல்லாம் இதுலேர்ந்துதான் வருது. ஃபோல்டர்தானே, தூக்கி வேற டிரைவ்ல வெச்சா முடிஞ்சுதுன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. ஆனா பெரும்பாலும் ஒரு ப்ரோக்ராம் பில்ட் ஆகும்போதே அதோட லைப்ரரி எங்க இருக்கு, கான்ஃபிக் ஃபைல் எங்க இருக்குன்னு முழு பாத்தும், அதாவது ஃபோல்டர் விலாசமும், அந்த பைனரிக்குள்ளயே (ஓட்டற நிலைல இருக்கற ஃபைலுக்குள்ளயே) எழுதிடுவாங்க, ஸ்க்ரிப்ட்டா இருந்தா முதல் வரிலயே எந்த பைத்தான ஓட்டணும்னு முழு பாத் இருக்கும். இதுக்கு நல்ல உதாரணம் காண்டா, பைத்தான் ஆளுங்க யூஸ் பண்ற ஒரு பேக்கேஜ் மேனேஜர். நீங்க எங்க இன்ஸ்டால் பண்ணப்போறீங்கன்னு பேக்கேஜ் பில்ட் பண்றவங்களுக்கு தெரியாதுல்ல, அதனால லினக்ஸ்லயும் மேக்லயும் பாத் வரவேண்டிய இடத்துல 255 எழுத்து நீளத்துக்கு ஒரு டம்மி பாத்த போட்டு வெக்கறாங்க, உங்க மெஷின்ல இன்ஸ்டால் ஆகற நேரத்துல அந்த டம்மிய அழிச்சு உங்க நிஜ பாத்த எழுதி, மிச்ச இடத்த வெறும் பூஜ்ஜிய பைட்டால நிரப்பிடுது. ஒரு தடவ எழுதினா எழுதினதுதான். அதுக்கப்புறம் ஃபோல்டர் பேர மாத்தினீங்கன்னா உள்ள இருக்கற அத்தனையும் பழைய அட்ரஸ்லயே தேடிட்டு இருக்கும். பைத்தான் வென்வ், அதாவது ஒரு ப்ராஜெக்டுக்குன்னு தனியா உருவாக்கற பைத்தான் ஃபோல்டரும் இதே கதைதான், நகர்த்தினா உடையும்.

பேக்கேஜ் மேனேஜர் எல்லாத்தையும் கொண்டு வந்து வெக்கற பேஸ் ஃபோல்டரத்தான் ப்ரிஃபிக்ஸ்னு சொல்றாங்க. எந்த பேக்கேஜ் மேனேஜரோட டாக்குமென்டேஷன்லயும் இந்த சொல்லத் தேடிப் பாருங்க, இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி படிக்க வேண்டிய பக்கம் அதுதான்.

டீஃபால்ட்ட எப்ப தொடக்கூடாது

என்னோட அபிப்பிராயம் இதுல ரொம்ப தெளிவு: ரெடிமேட் பைனரி குடுக்கற பேக்கேஜ் மேனேஜர்னா, கட்டாயமான காரணம் இல்லாம டீஃபால்ட் இடத்த மாத்தாதீங்க. மேக்லயும் லினக்ஸ்லயும் ஓடற ஹோம்ப்ரூவ (சுருக்கமா ப்ரூ) எடுத்துக்கோங்க. அதுக்கு மூணு டீஃபால்ட் இருக்கு. இன்டெல் மேக்ல /யூஎஸ்ஆர்/லோக்கல், ஆப்பிளோட சொந்த சிப் இருக்கற ஆப்பிள் சிலிக்கான் மேக்ல /ஆப்ட்/ஹோம்ப்ரூ, லினக்ஸ்ல /ஹோம்/லினக்ஸ்ப்ரூ-க்குள்ள புள்ளில ஆரம்பிக்கற லினக்ஸ்ப்ரூங்கற ஃபோல்டர். அவங்க முன்கூட்டியே பில்ட் பண்ணி வெச்சிருக்கற பாட்டில்ஸ் எல்லாம் இந்த பாத்துங்களுக்குன்னே பண்ணது. நீங்க உங்க ஹோம் ஃபோல்டர்லயோ வெளி டிரைவ்லயோ போட்டீங்கன்னா, பாத் உள்ள எழுதப்படாத சில பேக்கேஜ் மட்டும் அப்படியே இறங்கும், மத்ததெல்லாம் சோர்ஸ் கோட்லேர்ந்து உங்க மெஷின்லயே பில்ட் ஆகும், பெரிய கம்பைலர் மாதிரி எதாச்சும் டிபென்டன்சியா வந்துச்சுன்னா ஃபேன் சுத்தற சத்தம் மணிக்கணக்கா கேக்கும், பாதில ஃபெயில் ஆச்சுன்னா அவங்க சப்போர்ட்டும் கிடையாது, ஏன்னா அந்த செட்டப் சப்போர்ட்டட் இல்லன்னு முன்னாடியே சொல்லியிருக்காங்க.

நிக்ஸ்ங்கற பேக்கேஜ் மேனேஜர் இன்னும் கண்டிப்பு. எல்லாமே /நிக்ஸ்/ஸ்டோர்லதான் இருக்கணும், இடம் மாறினா அவங்க முன்கூட்டியே பில்ட் பண்ணி வெச்சிருக்கற பைனரி கேஷே உங்களுக்கு பிரயோஜனம் இல்ல. 2019ல மேக் கேட்டலினா வந்தப்போ ரூட் ஃபோல்டரே ரீட் ஒன்லி ஆயிடுச்சு, அதுல /நிக்ஸ்னு ஒரு ஃபோல்டர் உருவாக்கவே முடியல, ஆனாலும் அவங்க இடத்த மாத்தல, தனியா ஒரு ஏபிஎஃப்எஸ் வால்யூம் (மேக் டிஸ்க்ல ஒரு தனி பகுதி) உருவாக்கி அத அந்த இடத்துல மவுன்ட் பண்ற வழிக்குத்தான் போனாங்க. இடம் எவ்ளோ முக்கியம்னு இதுலயே தெரியும்.

ஆப்பிள் சிலிக்கான்ல ஏன் வேற இடம்னு பலருக்கு குழப்பம். ஹோம்ப்ரூ 3.0 வந்தது 2021 பிப்ரவரில, அப்பதான் புது சிப்புக்கு முழு சப்போர்ட் வந்துச்சு. ரொசெட்டா (இன்டெல் ப்ரோக்ராம புது சிப்ல ஓட வெக்கற ஆப்பிளோட டூல்) மூலமா ஓடற இன்டெல் பேக்கேஜும் நேட்டிவ் பேக்கேஜும் ஒரே ஃபோல்டர்ல கலந்தா நாசம்தான், அதனால ரெண்டுக்கும் தனித்தனி வீடு. இங்க ஒரு பொறி இருக்கு, கவனிங்க: பழைய இன்டெல் மேக்லேர்ந்து மைக்ரேஷன் அசிஸ்டன்ட்ல எல்லாத்தையும் புது மேக்குக்கு கொண்டு வந்தீங்கன்னா /யூஎஸ்ஆர்/லோக்கல்ல இருந்த பழைய ப்ரூவும் கூடவே வந்துடும், அது ரொசெட்டால ஓடும், எல்லாம் வேலை செய்யற மாதிரியே இருக்கும், ஆனா மெதுவா. ப்ரூ கான்ஃபிக்னு அடிச்சு பாருங்க, ப்ரிஃபிக்ஸ் என்னன்னும் ரொசெட்டா ட்ரூவா ஃபால்ஸான்னும் அதுலயே காட்டும். புது மேக்ல ப்ரிஃபிக்ஸ் /யூஎஸ்ஆர்/லோக்கல்னு வந்தா கடைசில சொல்ற முறைல மாத்திடுங்க.

மெஷின் யாரோடது, பாஸ்வேர்ட் யார்கிட்ட

ஆபீஸ் லேப்டாப், காலேஜ் லேப் சர்வர், பல மெஷின் சேந்த கிளஸ்டர் மாதிரி எடத்துல உங்களுக்கு சூடோவோ (லினக்ஸ், மேக்ல அட்மின் அதிகாரத்தோட கமாண்ட ஓட்டறது) அட்மினோ கிடைக்காது. அங்க ஹோம் ஃபோல்டர்தான் வழி, அதனால ஹோம் ஃபோல்டருக்குன்னே டிசைன் பண்ண மேனேஜர தேர்ந்தெடுங்க, சிஸ்டம் முழுசுக்கும் டிசைன் பண்ணத இழுத்துட்டு வந்து ஹோம்ல திணிக்காதீங்க. மினிகாண்டா, விண்டோஸ்ல ஸ்கூப், ரஸ்ட்டுக்கு ரஸ்ட்அப், நோடுக்கு என்விஎம் இதெல்லாம் இயல்பாவே ஹோம்ல உக்காரும், அட்மின் கேக்காது. ஸ்கூப் இன்னும் ஒருபடி மேல, அட்மினா ஓட்டினா இன்ஸ்டாலரே டீஃபால்ட்டா மறுத்துடும்.

சொந்த மெஷினா இருந்தாலும் சூடோ இருக்குங்கறதுக்காக சூடோ போட்டு பிப் (பைத்தானோட மேனேஜர்) இன்ஸ்டால், சூடோ போட்டு என்பிஎம் (நோடோட மேனேஜர்) குளோபல் இன்ஸ்டால்னு பண்றத தயவு செஞ்சு விட்டுடுங்க. லினக்ஸ்ல /யூஎஸ்ஆர்-க்குள்ள இருக்கறதெல்லாம் லினக்ஸோட சொந்த மேனேஜர்ங்களான ஆப்ட்டோ டிஎன்எஃப்போ பாத்துக்கற ஏரியா, அங்க இன்னொரு மேனேஜர் போய் ஃபைல மாத்தினா யாரு எத வெச்சாங்கன்னு ரெண்டுக்குமே தெரியாது, அடுத்த அப்டேட்ல ஒண்ணு இன்னொண்ண மிதிச்சிடும். /யூஎஸ்ஆர்/லோக்கல் மட்டும் விதிவிலக்கு, அது அட்மின் தன் கையால போடறதுக்குன்னு ஒதுக்கி வெச்சது, டிஸ்ட்ரோவோட மேனேஜர் அங்க ஃபைல் வெக்காது. பைத்தான் விஷயத்துல இந்த சண்டை முத்திப்போய்தான் டெபியன் 12ல, அதாவது 2023ல, சிஸ்டம் பைத்தான்ல பிப் ஓட்டினா எக்ஸ்டர்னலி மேனேஜ்டுன்னு எரர் குடுத்து நிறுத்தற மாதிரி பண்ணிட்டாங்க. அந்த எரர தாண்டறதுக்கு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத போடாதீங்க. ப்ராஜெக்டுக்கு வென்வ், தனி டூல்ஸுக்கு பிப்எக்ஸ், அவ்ளோதான் வேணும்.

என்பிஎம்ல சூடோ எவ்ளோ தூரம் போகும்னு 2018 பிப்ரவரில பாத்தோம். 5.7.0 வெர்ஷன்ல ஒரு பக், சூடோ போட்டு ஓட்டினா /ஈடிசி, /யூஎஸ்ஆர் மாதிரி சிஸ்டம் ஃபோல்டர்களோட ஓனர்ஷிப்பையே மாத்திடுச்சு, சில பேருக்கு மொத்த ஓஎஸ்ஸையும் திரும்ப போட வேண்டி வந்துச்சு. அந்த தப்ப சீக்கிரமே சரி பண்ணிட்டாங்க, ஆனா ரூட் அதிகாரம் குடுக்காம ஹோம்லயே வெச்சிருந்தவங்களுக்கு அன்னிக்கு சிஸ்டம் உடையல. குளோபல் இன்ஸ்டால்ல ஈஆக்சஸ் (பெர்மிஷன் இல்ல) எரர் வருதுன்னா ரெண்டு வழி. ஒண்ணு, ஹோம்ல ஒரு ஃபோல்டர் உருவாக்கி என்பிஎம் கான்ஃபிக்ல ப்ரிஃபிக்ஸ அதுக்கு மாத்தி, அதுக்குள்ள இருக்கற பின் (bin) ஃபோல்டர பாத் வேரியபிள்ல, அதாவது ஷெல் ப்ரோக்ராம தேடற ஃபோல்டர் லிஸ்ட்ல, சேக்கறது. இன்னொண்ணு, என்விஎம் போடறது, நான் சொல்றது எப்பவும் இதுதான், என்பிஎம் டீமும் வெர்ஷன் மேனேஜரத்தான் பரிந்துரைக்கறாங்க. ஆனா ரெண்டையும் சேத்து பண்ணாதீங்க, ப்ரிஃபிக்ஸ் செட் ஆகியிருந்தா என்விஎம் ஒத்துவராதுன்னு சொல்லி நின்னுடும்.

ஒரே மெஷின்ல ரெண்டு மூணு பேர் லாகின் பண்றீங்கன்னா ஹோம்ப்ரூவுக்கு ஒருத்தர்தான் ஓனரா இருக்க முடியும்ங்கறத ஞாபகம் வெச்சுக்கோங்க. எல்லாரும் எழுதட்டும்னு பெர்மிஷன 777 ஆக்கறது தீர்வே இல்ல, அந்த ஃபோல்டர்ல இருக்கற ப்ரோக்ராம யார் வேணும்னாலும் மாத்தி வெக்கலாம், அடுத்தவர் அத ஓட்டுவார். ஒருத்தர் இன்ஸ்டால் பண்ணட்டும், மத்தவங்க பயன்படுத்தட்டும்.

ரூட் ரீட் ஒன்லியா இருக்கற லினக்ஸ் இப்ப அதிகமாயிடுச்சு, ஸ்டீம் டெக்கோட ஸ்டீம்ஓஎஸ் மாதிரி. அதுல ரீட் ஒன்லிய ஆஃப் பண்ணிட்டு பேக்மேன்ங்கற சிஸ்டம் மேனேஜர்ல எதாவது போட்டா அடுத்த ஓஎஸ் அப்டேட்ல காணாம போயிடும். ஹோம்ல வெச்சது தங்கும், அதனால அங்க ஃப்ளாட்பேக்கோ ஹோம்ல உக்கார்ற மேனேஜரோ போட்டுக்கோங்க.

விண்டோஸ்ல கவனிக்க வேண்டியது

சாக்லேட்டிங்கற விண்டோஸ் பேக்கேஜ் மேனேஜரோட டீஃபால்ட் சி டிரைவ்ல ப்ரோக்ராம்டேட்டா ஃபோல்டருக்குள்ள. பழைய வெர்ஷன்ல சி டிரைவ் ரூட்லயே இருந்துச்சு, பாதுகாப்புக்காகத்தான் உள்ள மாத்தினாங்க. சி ரூட்ல நீங்க புதுசா ஒரு ஃபோல்டர் உருவாக்கினா சாதாரண யூசரும் அதுல எழுதற மாதிரிதான் பெர்மிஷன் வரும். சாக்லேட்டி அட்மினா ஓடறது, அதோட ஃபைல ஒரு சாதாரண யூசரோ ஒரு மால்வேரோ மாத்தி வெச்சா அது அட்மின் அதிகாரத்தோட ஓடிடும். அதனால டி டிரைவுக்கு மாத்தணும்னு ஆசப்பட்டா, இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடியே சாக்லேட்டிஇன்ஸ்டால்ங்கற என்விரான்மென்ட் வேரியபிள்ல அந்த பாத்த குடுங்க, கையோட ஃபோல்டர் ப்ராப்பர்ட்டீஸ்ல செக்யூரிட்டி டேப் போய் அட்மின் தவிர யாருக்கும் எழுதற உரிமை இல்லாம பண்ணுங்க. இந்த ரெண்டாவது பாதிய விட்டுட்டா முதல் பாதிய பண்ணாமலே இருக்கறது மேல்.

ஸ்கூப்ப வேற டிரைவ்ல போடறது சுலபம், இன்ஸ்டாலர்லயே ஸ்கூப்டிர்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அதுல பாத் குடுத்தா போதும்.

பாத்தோட நீளமும் எழுத்தும் முக்கியம். விண்டோஸ்ல பல டூல்ஸ் இன்னும் 260 எழுத்துக்கு மேல பாத் போனா தடுமாறும், அதனாலதான் விசிபேக்கேஜ் மாதிரி சோர்ஸ்லேர்ந்து பில்ட் பண்ற மேனேஜர்ங்க சி ரூட்ல சின்னதா ஒரு ஃபோல்டர் பேரு வெச்சு அதுல போடச் சொல்றாங்க. பாத்ல ஸ்பேஸ் வேண்டாம். யூசர் நேம தமிழ்லயோ இனிஷியல் விட்டு ஸ்பேஸ் வெச்சோ குடுத்திருக்கறவங்களுக்கு ஹோம் ஃபோல்டர் பேர்லயே அது வந்துடும், காண்டா போடும்போது இதுல நிறைய பேர் மாட்டறாங்க, அந்த நிலைமைல ஹோம விட்டுட்டு வெறும் ஆங்கில எழுத்துல சின்ன பேரா ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதுல போடுங்க. லினக்ஸ்லயும் நீள பிரச்சினை உண்டு, ஸ்க்ரிப்ட்டோட முதல் வரிக்கு பழைய கெர்னல்ல 127 எழுத்துதான் லிமிட், ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர்னு ஆழமா காண்டா போட்டு வெச்சவங்களுக்கு ஸ்க்ரிப்ட் ஓடாம போறதுக்கு அது ஒரு காரணம்.

விண்டோஸுக்குள்ள லினக்ஸ ஓட்டற டபிள்யூஎஸ்எல்ல லினக்ஸ் மேனேஜர் எதையும் /எம்என்டி/சி-க்குள்ள போடாதீங்க. அது விண்டோஸ் டிஸ்க், ஸ்பீடும் போகும், லினக்ஸ் பெர்மிஷனும் சரியா வராது.

டிஸ்க் இல்லன்னு இடம் மாத்தப் போறீங்களா, கொஞ்சம் நில்லுங்க

பெரும்பாலான நேரத்துல இடத்த அடைக்கறதுல பெரிய பங்கு கேஷுக்குத்தான். டவுன்லோட் பண்ண பழைய ஃபைலெல்லாம் அங்கயே கிடக்கும். முதல்ல ப்ரூ கிளீனப், காண்டா கிளீன், பிப் கேஷ் பர்ஜ் இதெல்லாம் ஓட்டிப் பாருங்க, அதுக்கப்புறமும் பத்தலன்னா கேஷ மட்டும் வேற டிஸ்க்குக்கு மாத்துங்க, ஹோம்ப்ரூ, பிப், என்பிஎம், காண்டா எல்லாத்துலயும் அதுக்குன்னு தனி செட்டிங் இருக்கு. கேஷ நகர்த்தினா எதுவும் உடையாது.

ஆனா காண்டாவுல ஒரு நுணுக்கம் இருக்கு. பேக்கேஜ பேக்கேஜஸ் ஃபோல்டர்ல ஒரு தடவ விரிச்சு வெச்சிட்டு, ஒவ்வொரு என்விரான்மென்டுக்கும் (தனித்தனி ப்ராஜெக்ட் செட்டப்) அத ஹார்ட் லிங்க் போட்டுக்கும், அதாவது அதே ஃபைலுக்கு இன்னொரு பேர் வெச்சுக்கும், அதனால பத்து என்விரான்மென்ட் வெச்சாலும் பெரும்பாலான ஃபைல் ஒரே காப்பிதான் டிஸ்க்ல இருக்கும். ஹார்ட் லிங்க் ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள்ளதான் வேலை செய்யும். பேக்கேஜஸ ஒரு டிஸ்க்லயும் என்விரான்மென்ட்ட இன்னொரு டிஸ்க்லயும் வெச்சீங்கன்னா ஒவ்வொண்ணுக்கும் முழு காப்பி எடுக்கும், இடத்த மிச்சம் பண்ணப் போய் இன்னும் அதிகமா அடைச்சுக்குவீங்க. பிஎன்பிஎம் (நோடுக்கு), யூவி (பைத்தானுக்கு) ரெண்டுக்கும் இதே லாஜிக் பொருந்தும். அதனால இந்த மாதிரி டூல்ஸ்ல ரெண்டையும் சேத்தே மாத்துங்க.

கிளஸ்டர்ல வேலை பண்றவங்க ஸ்க்ராட்ச் ஏரியால (தற்காலிக ஃபைலுக்கான இடம்) காண்டா போடறத பாக்கறேன், ஹோம் கோட்டா சின்னது, வேற வழி இல்லாம பண்றாங்க, புரியுது. ஆனா பல இடங்கள்ல ஸ்க்ராட்ச்ல நாளான ஃபைல தானா அழிச்சிடுவாங்க, நீங்க தொடாத லைப்ரரி ஃபைல் மட்டும் ஒண்ணு ஒண்ணா காணாம போகும், எரரும் சம்பந்தமில்லாததா வரும். ப்ராஜெக்ட் ஸ்டோரேஜ்னு எதாவது இருக்கான்னு அட்மின்கிட்ட கேட்டுட்டு அதுல போடுங்க.

வெளி டிரைவ் எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டா இருந்தா மறந்துடுங்க, அதுல சிம்லிங்கும் (ஷார்ட்கட் மாதிரி இன்னொரு ஃபைல காட்டறது) கிடையாது, யூனிக்ஸ் பெர்மிஷனும் கிடையாது. ஒன்டிரைவ், ஐகிளவுட் சிங்க் ஆகற டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் ஃபோல்டரும் வேண்டாம், ஆயிரக்கணக்கான குட்டி குட்டி ஃபைல் எல்லாம் கிளவுடுக்கு ஏறிட்டே இருக்கும், நடுவுல எதையாவது ஆன்லைன்ல மட்டும்னு வெச்சிட்டு லோக்கல்லேர்ந்து எடுத்துடும்.

போட்டதுக்கு அப்புறம் பாத்த சரி பாருங்க

இடம் சரியா தேர்ந்தெடுத்தும் பாத் வேரியபிள்ல வரிசை தப்பா இருந்தா பிரயோஜனம் இல்ல, ஷெல் முதல்ல எத பாக்குதோ அதத்தான் ஓட்டும். விச்-க்கு -ஏ ஆப்ஷன் குடுத்து பைத்தான், நோட், கிட் ஒவ்வொண்ணையும் அடிச்சு பாருங்க, விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்ல வேர் (where) கமாண்ட். எத்தன காப்பி இருக்கு, எது முதல்ல வருதுன்னு தெரிஞ்சிடும். /ஆப்ட்/ஹோம்ப்ரூ பாத்ல தானா இருக்காது, அதனாலதான் இன்ஸ்டால் முடிஞ்சதும் ஷெல்என்வ்னு ஒரு வரிய ப்ரொஃபைல் ஃபைல்ல சேக்கச் சொல்றாங்க, அத படிக்காம டெர்மினல மூடிட்டு ப்ரூ காணோம்னு தேடறவங்க ஏராளம்.

ஏற்கனவே தப்பான இடத்துல இருந்தா

நகர்த்தாதீங்க, லிஸ்ட் எடுத்துட்டு புதுசா போடுங்க. ஹோம்ப்ரூல ப்ரூ பண்டில் டம்ப்னு குடுத்தா ப்ரூஃபைல்னு ஒரு லிஸ்ட் கிடைக்கும். காண்டால என்வ் எக்ஸ்போர்ட், அந்த ஃபைலோட கடைசில ப்ரிஃபிக்ஸ்னு பழைய பாத் இருக்கும், அந்த வரிய அழிச்சிடுங்க. ஸ்கூப்லயும் எக்ஸ்போர்ட், இம்போர்ட் இருக்கு. லிஸ்ட் ஃபைல மேனேஜரோட ஃபோல்டருக்கு வெளில வெச்சுக்கோங்க, ஏன்னா அந்த ஃபோல்டரத்தான் கடைசில அழிக்கப் போறீங்க.

அப்புறம் புது இடத்துல மேனேஜர போட்டு, ப்ரொஃபைல் ஃபைல்ல பழைய பாத் வரிய எடுத்துட்டு புது வரிய சேத்து, புது டெர்மினல் திறந்து லிஸ்டுலேர்ந்து இன்ஸ்டால் பண்ணுங்க. டேட்டாபேஸ் எதாவது ப்ரூ மூலமா ஓட்டியிருந்தா அதோட டேட்டா பழைய ப்ரிஃபிக்ஸுக்குள்ள வார் (var)ங்கற ஃபோல்டர்ல இருக்கும், லிஸ்டுல அது வராது, தனியா பேக்கப் எடுக்கணும், இத மறந்தா நஷ்டம் பெருசு. ப்ரூ பைத்தான வெச்சு உருவாக்கின வென்வ் எல்லாத்தையும் அழிச்சிட்டு திரும்ப உருவாக்குங்க.

பழச உடனே அழிக்க வேண்டாம், ஒரு வாரம் கூடவே இருக்கட்டும். வேலை எல்லாம் வழக்கம்போல ஓடுது, விச் அடிச்சா புது பாத் மட்டும்தான் வருதுன்னு உறுதியானதும் ஹோம்ப்ரூவோட அன்இன்ஸ்டால் ஸ்க்ரிப்ட்டுக்கு பழைய பாத்த ஆப்ஷனா குடுத்து ஓட்டுங்க, பாத் குடுக்காம ஓட்டினா எந்த ப்ரூவ அழிக்குதுன்னு தெரியாம புதுசே போயிட வாய்ப்பு உண்டு. காண்டான்னா பழைய ஃபோல்டர அழிச்சா போதும், கூடவே ஷெல் ப்ரொஃபைல்ல காண்டா இனிட் எழுதி வெச்ச பழைய பிளாக்கையும் எடுத்துடுங்க, இல்லன்னா ஒவ்வொரு தடவ டெர்மினல் திறக்கும்போதும் இல்லாத ஃபோல்டரையே தேடிட்டு இருக்கும்.